பனியில் குழி தோண்டின மாப்பிள்ளை

தம்பி தமிழோ? பஸ்ஸில ஏறேக்கையே நினைச்சனான். முகத்தை வைச்சில்லை, போனில தாயோட கதைச்ச விதத்தை வைச்சு. ‘சாப்பிட்டிட்டன் அம்மா’ எண்டு சொன்னியள். மடியில கிடக்கிற பாண் இன்னும் பிரிக்கக்கூட இல்லை. பயப்பிடாதேங்கோ, நான் தாயிட்டைச் சொல்லமாட்டன். பக்கத்தில இருக்கலாமே?

ஊர் எது? புங்குடுதீவோ. எத்தினையாம் வட்டாரம்? இல்லை, சும்மா கேக்கிறன். கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. நீங்கள் சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ. நான் வேற ஆரிட்டையாவது கேட்டு அறிஞ்சுகொள்ளுவன்.

என்ர பேர் குணபாலசிங்கம். வட்டக்கச்சி. லுசேர்ன்ல குணம் அண்ணை எண்டு கேட்டுப் பாருங்கோ, கோயில் ஐயர் தொடக்கம் கடைக்காரர் மட்டும் சொல்லுவினம். ஆஸ்பத்திரி லோன்றியில சீலை தோய்ச்சுத்தான் சீவியம் போச்சு. ஆனா என்னைச் சனத்துக்குத் தெரியிறது அதுக்காக இல்லை. ஆரும் பிள்ளைக்கு ஒரு இடம் பாத்தினம் எண்டா முதல் போன் எனக்குத்தான் வரும். ‘அண்ணை, பெடியனை ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ.’ விசாரிச்சுச் சொல்லுவன். லண்டனில பெரிய எஞ்சினியர் எண்டு சொல்லிக்கொண்டு வந்த ஒருத்தன் பெற்றோல் அடிக்கிற செற்றில நிக்கிறான் எண்டு கண்டுபிடிச்சது நான்தான். பாரிசில ஏற்கெனவே ஒரு குடும்பம் வைச்சிருந்தவனையும் நான்தான் பிடிச்சனான். அந்தப் பிள்ளையின்ர தாய் என்ர கையைப் பிடிச்சு அழுதவ.

விசாரிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு தம்பி. பெடியனிட்டை மட்டும் கேக்கக்கூடாது. கேட்டா உசாராகிடுவான். பக்கத்து வீட்டில கேக்கவேணும், வேலையிடத்தில கேக்கவேணும், முந்தி வாடகைக்கு இருந்த வீட்டுக்காரியிட்டைக் கேக்கவேணும். நான் எப்பவும் அப்பிடித்தான்.

சரி, விசயத்துக்கு வாறன். இந்த பஸ் மேல போய்ச்சேர இன்னும் நேரம் கிடக்கு. இவன் றைவர் வளைவில பிரேக் பிடிக்கிறதைப் பாத்தா எனக்கு அவனிலயும் நம்பிக்கை இல்லை.

எனக்கு ஒரே ஒரு மகள். ஆரணி. நேர்ஸா இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினிக்குள்ள வந்து நிண்டு, ‘அப்பா, நான் ஒருத்தரை விரும்புறன்’ எண்டாள். எந்த ஊர், ஆற்றை பிள்ளை எண்டு கேட்டன். மனுசி தவமலர் என்னடாவெண்டா, ‘தமிழ்ப் பெடியன்தானே, கும்பிட்டுக் குடுப்பம்’ எண்டு அப்பவே சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் சுடத் தொடங்கிட்டாள். ஊரெல்லாருக்கும் விசாரிச்சுக் குடுத்த நான் என்ர பிள்ளைக்கு விசாரிக்காமல் விடுவனே?

பெடியன்ர பேர் சிந்துஜன். தாய் தேப்பன் இந்தப் பள்ளத்தாக்கிலதான் இருக்கினம். தேப்பன் மர ஆலையில வேலை. பெடியன் கரண்ட் கொம்பனியில லைன் பாக்கிறவன். விசாரிச்சன். குடியில்லை. சிகரெட் இல்லை. வேலையிடத்தில நல்ல பேர். அவன் இருக்கிற வீட்டுக்காரி ஒரு சுவிஸ் கிழவி. அவ சொல்லுறா, வாசல்ல விழுற பனியைக் கேக்காமலே காலமை எழும்பி வழிச்சு விடுறவனாம். எனக்கு அந்த இடத்திலதான் முதல் யோசினை வந்தது. கேக்காமல் ஏன் செய்யவேணும்? ஒருத்தன் ஒண்டைக் கேக்காமல் செய்யிறான் எண்டா அவனுக்கு ஏதோ தேவை இருக்கு. குறை இல்லாத ஆள் எண்டு ஒருத்தனை நான் இந்த வயசுக்குக் கண்டதில்லை. குறையை வடிவா மறைச்சு வைச்சிருக்கிற ஆக்களைத்தான் கண்டிருக்கிறன்.

பிறகுதான் ஒண்டு பிடிபட்டுது. சனிக்கிழமை எண்டா பெடியன் மலைக்குப் போயிடுவான். போன் வேலை செய்யாது. பின்னேரம் வரேக்கை மூஞ்சை கறுத்து, கண்ணைச் சுத்தி மட்டும் வெளுப்பா, ஒரு மாதிரி வந்து நிப்பான். ஆரணியிட்டை என்னெண்டு கேட்டன். ‘பனி பாக்கப் போறவர் அப்பா’ எண்டாள். பனி பாக்கவோ? இந்த நாட்டில பனி பாக்க மலைக்குப் போகவேணுமே? குசினி யன்னலைத் திறந்தாத் தெரியுது. ‘இல்லை அப்பா, குழி தோண்டிப் பாக்கிறவர்’ எண்டாள். குழி தோண்டி? ‘தோண்டிப் பாத்து, பனி எப்பிடி இருக்கு எண்டு அறிவிக்கிறவர். அதை வைச்சுத்தான் பனிச்சரிவு வருமோ எண்டு சொல்லுறது.’ பாத்த பிறகு குழியை என்ன செய்யிறது எண்டு கேட்டன். ‘திருப்பி மூடிப்போட்டு வாறது’ எண்டாள்.

தம்பி, நீங்கள் இஞ்ச பிறந்த பிள்ளை, உங்களுக்கு விளங்காது. எங்கட பக்கம் ஒருத்தன் ஆளில்லாத இடத்தில போய்க் குழி தோண்டி, திருப்பி மூடிப்போட்டு வாறான் எண்டா, அதுக்குள்ள எதையோ வைச்சிட்டு வாறான் எண்டு அர்த்தம். வேற அர்த்தமே கிடையாது.

ஒரு நாள் வீட்ட தேத்தண்ணிக்குக் கூப்பிட்டம். நல்ல பெடியன் மாதிரித்தான் வந்து இருந்தவன். தவமலர் மலையைப்பற்றிக் கேட்டாள். அவன் உடன சீனிப் போத்தலை எடுத்து, தட்டில ஒரு படை கொட்டி, அதுக்கு மேல கேக் துண்டைத் தூக்கி வைச்சான். ‘மாமி, இந்த வருசம் மார்கழியில கொஞ்சமாத்தான் பெஞ்சது. பிறகு கன நாள் வெறுங் குளிர். அப்ப அந்தப் பனி இந்தச் சீனி மாதிரி ஒட்டாமல் உதிரியாப் போட்டுது. இப்ப அதுக்கு மேல புதுப்பனி விழுந்து, காத்தில இறுகிப் பலகை மாதிரிக் கிடக்கு. மேல இருந்து பாத்தா வெள்ளையா, வடிவா இருக்கும். ஒருத்தர் மிதிச்சாப் போதும்’ எண்டு சொல்லித் தட்டைச் சரிச்சான். கேக் வழுக்கிக்கொண்டு வந்து தவமலரின்ர மடியில விழுந்தது. தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரிக்கினம். எனக்குச் சிரிப்பு வரேல்லை. நான் அவன் சொன்னதைக் கேக்கேல்லை தம்பி, சொல்லேக்கை கண் எங்க போகுது, கை எங்க போகுது எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். தேத்தண்ணி குடிக்க வந்த இடத்தில வித்தை காட்டுறவனை எப்பிடி நம்பிறது?

அரிசி மூட்டை ஏத்தவேணும் எண்டு சொல்லி அவன்ர கார் டிக்கியைத் திறக்கப் பண்ணினன். உள்ளுக்க என்ன கிடந்தது எண்டு நினைக்கிறியள்? மண் அள்ளுற சவள் ஒண்டு. ஒரு வாள். மடிச்சு மடிச்சு வைக்கிற கம்பி ஒண்டு, நீட்டினா ரெண்டாள் உயரம் வரும். நெஞ்சில கட்டுற வார் போட்டு, சிவப்பு லைற் மினுங்கிற ஒரு பெட்டி. ஊரில மிதிவெடி எடுக்கிற ஆக்கள் நீளக் கம்பியால நிலத்தைக் குத்திக் குத்தித்தான் பாக்கிறவை. சவள் புதைக்கிறதுக்கு. மினுங்கிற பெட்டி ஆரோடயோ கதைக்கிறதுக்கு. ‘இதென்ன தம்பி?’ எண்டு வாய் மட்டும் வந்தது, விழுங்கிப்போட்டன். கேட்டா உசாராகிடுவானே.

வீட்ட ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாசி மாசம் ஒரு சனிக்கிழமை, சொந்தக்காரர் வீட்ட போறன் எண்டு சொல்லிப்போட்டு, இதே பஸ்ஸில ஏறி வந்தனான். இதே பக்கத்து சீற். போட்டிருந்தது வேலைக்குப் போற சப்பாத்து. தண்ணி போகாமல் இருக்க உள்ளுக்க ரெண்டு கடைப் பைகளைச் சுத்திப்போட்டு வந்தனான். நடக்க நடக்க சரசர எண்டு சத்தம். உளவு பாக்கப் போறவன் அப்பிடிப் போகக்கூடாது, உண்மைதான்.

பஸ் முடியிற இடத்தில ஒரு பலகை. மலை மலையாக் கீறி, கலர் அடிச்சு, மூண்டு எண்டு இலக்கம் போட்டிருந்தது. கீழ வடிவா விளக்கம். அஞ்சு எண்டா மிச்சம் மோசமாம். அப்ப மூண்டு எண்டா என்ன? அஞ்சுக்கு மூண்டு எடுத்தா சோதினையில பாஸ். நான் உதுக்கெல்லாம் பயந்தவனே? அதோட, அந்த இலக்கத்தை எழுதி அனுப்புறதே இவனும் இவன்ர ஆக்களும்தானே. தாங்கள் திரியிற இடத்துக்கு மற்றாக்கள் வராமல் இருக்கத்தான் பயப்பிடுத்தி வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன். நீங்களா இருந்தாலும் அப்பிடித்தான் நினைப்பியள். என்ன முழிக்கிறியள்? நினைப்பியள்.

நடை பாதை ஒண்டு இருக்கு, ரெண்டு பக்கமும் கம்பு நட்டிருக்கு. அதால போய், ஒரு மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால நிண்டு பாத்தன். கண்டன் தம்பி. மேல, ஒரு மேட்டில, அவன் நிக்கிறான். தனிய இல்லை. பக்கத்தில ஒரு வெள்ளைக்காரி. நீளப் பின்னல். ரெண்டு பேரும் முழங்காலில இருந்து தோண்டுகினம். இடுப்பளவு குழி. வாளால வெட்டுறான், கண்ணாடி வைச்சுப் பாக்கிறான், சவளை மேல வைச்சுக் கையால தட்டுறான், குனிஞ்சு உத்துப் பாக்கிறான். அவள் எழுதுறாள். எல்லாம் முடிய ரெண்டு பேருமாக் குழியை மூடிப்போட்டு, பனிச்சறுக்குக் கட்டையைப் போட்டுக்கொண்டு அங்கால ஒரு பாறைப் பக்கம் போயிட்டினம். என்ர பிள்ளை நைற் டியூட்டி முடிஞ்சு வந்து போனைப் பாத்துக்கொண்டிருக்கிறாள், இவன் இஞ்ச பின்னல்காரியோட.

அந்தக் குழிக்குள்ள என்ன கிடக்கு எண்டு பாக்காமல் திரும்பிறதில்லை எண்டு முடிவெடுத்தன். கம்பு நட்ட பாதையை விட்டு இறங்கினன். முழங்கால் மட்டும் தாழுது. மேல ஒரு பெரிய சரிவு, வெள்ளையா, ஒரு அடியும் படாமல், வடிவாக் கிடந்தது. அதின்ர கீழால குறுக்க போனா மேட்டுக்குக் கிட்ட. பாதி தூரம் போயிருப்பன். திடீரெண்டு காலுக்குக் கீழ வும் எண்டு ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. வயித்துக்குள்ள கேக்கிற சத்தம். நிலம் அப்பிடியே ஒரு சொட்டுப் பதிஞ்சுது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஷெல் எங்கயோ தூர விழேக்கை நிலத்தால வாற சத்தம். நான் என்ன செய்தன்? ஊரில எல்லாரும் செய்யிறதைச் செய்தன். குப்புற விழுந்து, காதைப் பொத்திக்கொண்டு படுத்திட்டன். மற்றவன் எண்டா ஓடியிருப்பான். எங்கட ஆக்கள் ஓடமாட்டினம், படுப்பினம்.

அப்ப மேல இருந்து கூப்பிடுறான். ‘மாமா!’ எண்டு. எப்பிடி என்னை அடையாளம் கண்டான் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. ‘மாமா, அசையாதேங்கோ! மெல்ல எழும்பி, வந்த அடியிலயே திரும்பிப் போங்கோ! வேற இடத்தில கால் வைக்காதேங்கோ!’

நீங்கள் சொல்லுங்கோ தம்பி. வந்த அடியிலயே திரும்பிப் போ எண்டு எங்க சொல்லுறது? மிதிவெடி இருக்கிற காணிக்குள்ள சொல்லுறது. என்ர சொந்த மச்சானுக்கு நானே நிண்டு அப்பிடிக் கத்தியிருக்கிறன். நான் சந்தேகப்பட்டது சரி எண்டு அந்த நிமிசம் எனக்கு உறுதியாப் போச்சு. இவன் எதையோ பனிக்குள்ள தாட்டிருக்கிறான். சுத்திவர. அதாலதான் இந்தக் கத்துக் கத்துறான். எழும்பவும் ஏலாது, திரும்பவும் ஏலாது. அப்பிடியே படுத்துக் கிடந்தன். ‘கந்தசுவாமியே’ எண்டு வாய்க்குள்ள சொன்னன்.

அவன் அந்தப் பின்னல்காரியைப் பாறையடியில நிப்பாட்டிப்போட்டு, ஓரத்தால வழுக்கிக்கொண்டு வந்தவன். வந்து என்ர யக்கெற்றைப் பிடிச்சு இழுத்துத் தூக்கினான். எனக்கு அவனில அவ்வளவு பயம், நான் அவன்ர கையைத் தட்டி விட்டனான். திரும்பப் பிடிச்சான். ‘மாமா, பிறகு அடியுங்கோ, இப்ப வாங்கோ’ எண்டான். ஓம், அப்பிடித்தான் சொன்னவன். பாதைப் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஓரத்தில நாலைஞ்சு மரம் நிண்டது. மரத்துக்கு என்னைத் தள்ளி விட்டான். நான் போய் மரத்தைக் கட்டிப்பிடிச்சன், திரும்பினன். மேல, சரிவுக்குக் குறுக்க, பென்சிலால கோடு கீறினமாதிரி ஒண்டு ஓடிச்சு. பிறகு முழு மலையும் துண்டு துண்டா உடைஞ்சு கீழ வந்தது. எனக்கு இடுப்பு மட்டும் மூடிச்சு. அவன் நிண்ட இடத்தில அவன் இல்லை.

பின்னல்காரி கத்தேல்லை தம்பி. அழேல்லை. அவன்ரையைப் போல நெஞ்சில கட்டியிருந்த பெட்டியை எடுத்து ஏதோ திருப்பினாள், அது பீப் பீப் எண்டு சத்தம் போட, அதைக் கேட்டுக்கேட்டு வளைஞ்சு வளைஞ்சு வந்தாள். பிறகு அந்தக் கம்பியை எடுத்து விரிச்சுக் குத்தினாள். குத்தினாள், குத்தினாள், ஒரு இடத்தில நிண்டாள். சவளை எடுத்தாள். எனக்கு அப்ப ஒண்டும் யோசிக்க நேரமில்லை. என்ர காலை இழுத்துக்கொண்டு போய், கையாலயே பனியைக் கிண்டி வறுகினன். கையுறை எங்க போச்சுதோ தெரியாது. அந்தப் பனி விழுந்த உடன சீமெந்து மாதிரி இறுகிப்போகும். நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வறுகினன். ‘என்ர பிள்ளை, என்ர ராசா, வாடா’ எண்டெல்லாம் சொன்னனான். அது அந்த நேரத்துப் பதட்டம். ஆரா இருந்தாலும் அப்பிடித்தான் வாயில வரும்.

முகம் வந்தது. நீலம். அவள் வாய்க்குள்ள விரலை விட்டுப் பனியை எடுத்தாள். மூச்சு இழுத்தான். அந்தச் சத்தத்தை என்ர சீவியத்துக்கும் மறக்கமாட்டன். நான் நிலத்தில இருந்து ஓவெண்டு அழுதனான். கால் ரெண்டு இடத்தில முறிஞ்சுபோச்சு. ஆனா உயிரோட இருந்தான்.

அவன் கண் முழிச்சு முதல் சொன்னது என்னெண்டு தெரியுமே? ‘மாமா, ஹெலிகொப்டர் வரமுதல் நீங்கள் பாதையால இறங்கி பஸ்ஸில போங்கோ. ஆரணிக்குத் தெரியவேண்டாம்.’ பின்னல்காரிக்கு என்னவோ டொச் பாசையில சொன்னான். அவள் என்னை ஒரு பார்வை பாத்தாள், பிறகு தலையாட்டினாள். நான் வந்திட்டன். அவன்தானே போகச் சொன்னது.

ஆஸ்பத்திரியில எல்லாரிட்டையும் அவன் என்ன சொன்னவன்? தான் பனியைப் பிழையா மதிச்சிட்டானாம். தான்தான் சரிவுக்குக் கீழ இறங்கினானாம். தன்ர கவனக்குறைவாம். அந்த வேலையையும், பனி பாக்கிற வேலையை, பிழை விட்டவன் செய்யக்கூடாது எண்டு சொல்லித் தானே விட்டிட்டான். எத்தினை வருசமாச் செய்தது. ஆரணி அழுதாள். அந்த வேலையில அவனுக்கு அவ்வளவு பிடிப்பாம்.

தனிய ஒருக்கா நான் போய் அவனைப் பாத்தனான். ‘மாமா, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீங்களாச் சொல்லுறதெண்டாச் சொல்லுங்கோ, இல்லாட்டி விடுங்கோ’ எண்டான். பாத்தியளே? எனக்கு விளங்காதெண்டு நினைக்கிறான். ஒரு பிடியை என்னில வைச்சுக்கொண்டு கதைக்கிறான். என்ன கேக்கப் போறான், எப்ப கேக்கப் போறான் எண்டு நானும் பாத்துக்கொண்டிருக்கிறன். இன்னும் ஒண்டும் கேக்கேல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம்.

ஓம், விரலைத்தானே பாக்கிறியள். அண்டைக்கு வந்ததுதான். ரெண்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிஞ்சுபோச்சு. ஆரணி கண்டிட்டு என்னப்பா எண்டு கேட்டாள். பெரிய ஃப்ரீசருக்க மீன் தேடினனான், குளிர் பிடிச்சிட்டுது எண்டு சொன்னன். என்ர கையைத் தன்ர மடியில வைச்சு, கனநேரம் பாத்தாள். ‘எவ்வளவு நேரம் தேடினனீங்கள்?’ எண்டாள். கொஞ்ச நேரம்தான் எண்டன். மருந்து பூசிக் கட்டினாள். அவ்வளவு படிச்சும் பிள்ளைக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒவ்வொரு நாளும் கட்டு மாத்துவாள். மாத்தி முடிய, ‘வேற ஏதும் சொல்ல இருக்கே அப்பா?’ எண்டு கேப்பாள். என்ன இருக்கு, ஒண்டுமில்லை எண்டுவன். தலையைக் குனிஞ்சுகொண்டு எழும்பிப் போவாள். வேலைக் களைப்பாக்கும்.

இப்ப தவமலர் பிடிச்ச பிடியில நிக்கிறாள். வேண்டாமாம். ‘கவனமில்லாத பெடியனுக்குப் பிள்ளையைக் குடுத்துப்போட்டு, அவளின்ர தாலியை நான் பனிக்குள்ள தேடுறதோ?’ எண்டு கேக்கிறாள். முந்தி பலகாரம் சுட்டவளும் இவள்தான். ஆரணி தாயோட சண்டை பிடிப்பாள் எண்டு பாத்தன். பிடிக்கேல்லை. நேற்றைக்கு என்னைப் பாத்துச் சொல்லுறாள், ‘அப்பா, நீங்கள்தானே எல்லாருக்கும் விசாரிச்சுச் சொல்லுறனீங்கள். சிந்துவையும் நீங்கள் விசாரிச்சனீங்கள்தானே. நீங்கள் என்ன சொல்லுறீங்களோ அதுதான் எனக்கு முடிவு. நாளைக்குப் போய் அவையின்ர வீட்டில சொல்லுங்கோ. உங்கட வாயாலயே சொல்லுங்கோ.’ அதுக்குத்தான் இந்த பஸ்.

முடிவு என்னெண்டோ? அதைத்தானே ஏறினதில இருந்து யோசிச்சுக்கொண்டு வாறன். நான் விசாரிச்ச பெடியங்களுக்குள்ள எல்லாப் பக்கத்தாலயும் விசாரிச்சு முடிச்சது இவனைத்தான். அந்தப் பின்னல்காரியைக்கூட விட்டு வைக்கேல்லை. அவளுக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் இருக்கு. மலையில தனியப் போகக்கூடாது எண்டு சட்டம் மாதிரி ஒண்டாம், அதுக்காகக் கூடப் போறவளாம். மிச்சம் ஒரு குறைதான். பொய் சொல்லுறான். எல்லாருக்கும் முன்னால, கண் வெட்டாமல், தேப்பனுக்கும் பொய், கட்டப்போறவளுக்கும் பொய். அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு இலேசாச் சொல்லுறவன் நாளைக்கு என்னென்ன சொல்லமாட்டான்? போய்ச் சொல்லலாம்தானே, பெடியன் பொய்யன், சரிவராது எண்டு. சொன்னா அவன்ர தேப்பன் கேப்பார், என்ன பொய் எண்டு. நல்ல மனுசன், மெல்லத்தான் கேப்பார். ஆனாக் கேப்பார்.

சரி, வேண்டாம் எண்டு மட்டும் சொல்லுவம், காரணம் சொல்லத் தேவையில்லை எண்டும் யோசிச்சுப் பாத்தன். தவமலர் சொல்லுறா எண்டு சொல்லலாம். அவன் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருப்பான். ‘சரி மாமா’ எண்டுவான். எனக்குத் தெரியும், அதைத்தான் சொல்லுவான். அதைக் கேக்கத்தான் என்னால ஏலாது தம்பி. ஏசினாத் தாங்குவன், காட்டிக்குடுத்தாலும் தாங்குவன். அந்தச் ‘சரி மாமா’வை எப்பிடித் தாங்கிறது? பிறகு வீட்ட வர ஆரணி கதவைத் திறப்பாள்.

ஓம் எண்டு சொல்லுறதெண்டா தவமலர் விடமாட்டாள். அவளை மாத்துறதெண்டா அண்டைக்குச் சரிவுக்குக் கீழ இறங்கினது ஆர் எண்டு சொல்லவேணும். சொன்னா ஆரணி என்னோட கதைக்கமாட்டாள். எனக்கு இருக்கிறது அவள் ஒருத்தி. இதில எதைச் சொல்லுறது எண்டு ஒருத்தரிட்டையும் கேக்கவும் ஏலாமக் கிடக்கு.

பொறுங்கோ, பஸ் நிக்குது. இதுதான் இடம். அங்க பாருங்கோ தம்பி, அந்தக் கூரைக்குக் கீழ. நீல யக்கெற். ரெண்டு கையிலயும் ஊண்டுகோல். தேப்பனை அனுப்பியிருக்கலாம்தானே, ஏன் இந்தக் காலோட தானே வந்து நிக்கிறான்? வீட்டுக்குள்ள போகமுதல் என்னோட தனிய ஏதோ கதைக்கவேணும் போல. இல்லாட்டிச் சும்மா கூட்டிக்கொண்டு போக வந்தானோ? சும்மா ஒருத்தன் வருவானே?

நீங்களும் இஞ்சதானே இறங்கிறியள்? இல்லையோ? பறவாயில்லை, ஒரு நிமிசம் இறங்குங்கோ, றைவர் சுருட்டுக் குடிக்கப் போறான், நேரம் இருக்கு. நான் உள்ளுக்க இருக்கிறன். நீங்கள் போய் அவனோட சும்மா கதை குடுங்கோ. இண்டைக்கு ஆர் வாறது எண்டு கேளுங்கோ. அந்த வாற மனுசனில அவனுக்குக் கோவம் ஏதும் இருக்கோ எண்டு ஒருக்கா விசாரிச்சுக்கொண்டு வாங்கோ.

நான் அனுப்பினது எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.